ஓகாரம் ஏகாரம் போல

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த பேரன் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். பாதி உரைநடை, நடுநடுவே கணினி நிரல்.

"கட்டுரையா, கணக்கா?"

"ரெண்டும்தான் தாத்தா. ஒரு துண்டு நிரலுக்குப் பேர் வச்சு ஒரு தடவை எழுதிடுவேன். அப்புறம் வேணுங்கிற இடத்துல பேரை மட்டும் சொன்னா அது வந்து வேலை செய்யும்."

டொனால்ட் க்னூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984-இல் கட்டுரை எழுதி இந்த முறைக்குப் பெயர் சூட்டினாராம். இது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்றேன். சிரித்தான். புத்தகத்தை எடுத்து வந்தேன்.

எழுத்ததிகாரத்தில் உயிர்மயங்கியல். அகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் அந்த ஒற்று மிகும் என்று தொல்காப்பியர் அங்கே ஒரு முறை விரிவாகச் சொல்கிறார். அப்புறம் ஆகாரம் வருகிறது. அகரம் போலத்தான் என்று சொல்லிவிட்டு நகர்கிறார். ஊகாரம் ஆகாரம் போல. ஏகாரம் ஊகாரம் போல. ஓகாரம் ஏகாரம் போல. 'ஓ' என்றால் மதகில் நீரைத் தாங்கும் பலகை. நம் பக்கத்து ஏரி மதகுகளை எத்தனையோ முறை பார்த்தும், இந்தச் சொல்லை நான் அறிந்தது உரையைப் படித்துத்தான். 'ஓக்கடிது' என்பதில் ககரம் ஏன் மிகுந்தது என்று கேட்டால் ஏ, ஊ, ஆ என்று நான்கு படி இறங்கி அகரத்தில் போய் நிற்க வேண்டும்.

இதற்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் மாட்டெறிதல். நன்னூலார் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் இதுவும் ஒன்று. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது புதிதல்ல. 1842-இல் பெஷ்ரெல் போட்ட வினைத்திரிபு நூலின் வழிவந்த புத்தகங்களில், ஒரு வினைச்சொல்லைத் தேடினால் எதிரே ஓர் எண்தான் இருக்கும். அந்த எண்ணுள்ள மாதிரி வினையைப் பார்த்து நாமே திரித்துக்கொள்ள வேண்டும்.

க்னூத் இரண்டு கருவிகள் செய்தார் என்றான் பேரன். ஒன்று, பெயர் வரும் இடமெல்லாம் துண்டை முழுதாக நிரப்பிக் கணினிக்குக் கொடுக்கும். மற்றது மனிதர் படிக்க அச்சிடும். நமக்கு அந்த முதல் வேலையைச் செய்தவர்கள் உரையாசிரியர்கள். சூத்திரம் 'அது போல' என்று நிறுத்திய இடத்தில் இளம்பூரணர் கடிது, சிறிது, தீது, பெரிது என்று எல்லாவற்றையும் ஒட்டிக் காட்டுவார். பவணந்தியார் வேறு வழி பிடித்தார். உயிர் எதுவானாலும் க, ச, த, ப மிகும் என்று பொதுவிதி ஒன்று வைத்து, சங்கிலியையே அறுத்துவிட்டார். எனக்கென்னவோ சங்கிலிதான் பிடிக்கிறது.

"நடுவுல ஒண்ணு காணாமப் போயிட்டா?" என்றான் பேரன்.

நல்ல கேள்வி. நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு இப்படித்தான் நின்றது. ஆணையில் 'பார்வை இரண்டில் கண்டுள்ளபடி' என்று இருந்தது. பார்வை இரண்டு இன்னொரு பழைய ஆணையைக் காட்டியது. அந்தப் பழைய ஆணை பதிவறையில் இல்லை. அந்த அம்மாள் மாதாமாதம் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். ஏழு மாதம் கழித்து வேறோர் அலுவலகத்தின் இருப்புக் கோப்பில் ஒரு நகல் கிடைத்தது. அதை முழுதாகத் தட்டச்சு செய்து குறிப்போடு சேர்த்து வைத்தேன்.

அதற்குப் பின் எந்தக் கோப்பிலும் பார்வை எண்ணோடு நான் நிறுத்தியதில்லை, அதிலுள்ள வாசகத்தையும் எழுதிவிடுவேன். காகிதத்தை வீணாக்குகிறேன் என்று மேலாளர் திட்டுவார்.