மாதிரி அறியாத மின்பாதை

இயங்கிக்கொண்டிருக்கும் மின்தொகுப்பில் சோதனை நடத்திப் பார்க்க இயலாது. சோதனை பிழைத்தால் நகரங்கள் இருளும். ஆகவே இத்துறையின் வரலாறு பெருமளவு மாதிரிகளின் வரலாறாகவே அமைந்தது. 1929இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பட்ட வலையமைப்புப் பகுப்பாய்வி, மின்தடையங்கள், சுருள்கள், மின்தேக்கிகள் ஆகியவற்றால் பரந்த மின்தொகுப்பை ஓர் அறைக்குள் சுருக்கியது. 1956இல் வார்டும் ஹேலும் மின்பாய்வுக் கணக்கைக் கணினிக்குக் கொண்டுவந்தனர். 1967இல் டின்னியும் ஹார்ட்டும் நியூட்டன் முறையால் பெரிய வலையமைப்புகளையும் தீர்க்க வழிசெய்தனர்.

இவை திட்டமிடலுக்கு உதவின. இயக்கத்தின் கேள்வி வேறு: மின்தொகுப்பு இக்கணத்தில் எந்நிலையில் உள்ளது? 1965 நவம்பர் 9 அன்று வடகிழக்கு அமெரிக்காவில் ஏறத்தாழ 3 கோடிப் பேரைப் பாதித்த மின்தடை அக்கேள்வியைக் கூர்மையாக்கியது. 1970இல் பிரெட் ஷ்வெப்பி முன்வைத்த நிலை மதிப்பீட்டு முறை, பிழை கலந்த அளவீடுகளை வலையமைப்பு மாதிரியுடன் பொருத்தி அதற்கு விடை தேடியது.

அம்மாதிரி களத்தோடு ஒத்திருக்கும்வரைதான் விடை சரியாக இருக்கும். 2003 ஆகஸ்ட் 14 நண்பகலில், அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியைக் கண்காணித்த மிசோ அமைப்பின் நிலை மதிப்பீடு பொருந்தாமல் போயிற்று. துண்டிக்கப்பட்டிருந்த 230 கிலோவோல்ட் மின்பாதை ஒன்று, மாதிரியில் இயங்குவதாகவே இருந்தது. பொறியாளர் அதைத் திருத்தினார். ஆனால் தானியங்கி ஓட்டத்தை மீண்டும் முடுக்கிவிட மறந்தார். பின்னர் இன்னொரு மின்பாதையின் நிலையும் மாதிரியை எட்டவில்லை. நிலை மதிப்பீடு முழுத் தானியங்கி இயக்கத்துக்குத் திரும்பியபோது மாலை 4 மணி கடந்திருந்தது. அடுத்த சில நிமிடங்களில் தொடர்வீழ்ச்சி மூண்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர்.

2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு, பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் மின்பாதையில் பழுது ஏதுமில்லை. மிகுந்த சுமையைப் பழுதெனக் கொண்ட காப்பு ரிலே அதைத் துண்டித்தது. இந்தியாவின் வடக்கு மின்தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்றும் வீழ்ந்தன. மின்பாய்வுக் கணக்கு ஒரு மின்பாதையின் சுமையைச் சொல்லும். அச்சுமையை ரிலே எவ்வாறு வாசிக்கும் என்பதை, ரிலேயின் அமைவும் மாதிரியில் சேர்க்கப்பட்டாலன்றிச் சொல்லாது.

கணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஒரு மாதிரியை விரிவானது எனக் கூறுதல் போதாது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன. துண்டிப்பான்களின் இன்றைய நிலை, ரிலேக்களின் அமைவு, அண்டை மின்தொகுப்பின் நிகழ்வு ஆகியவை இடம்பெறாத மாதிரி, எத்தனை ஆயிரம் கணுக்களைக் கொண்டிருப்பினும், நேற்றைய மின்தொகுப்பையே காட்டும்.