தகட்டில் பொறித்த தேதி



ஒரு காலத்தில் தோட்டத்து மண்சாலையில் ஜீப் வருகிறது என்றால் துரை வருகிறார் என்று பொருள். அந்த வண்டியின் சத்தம் கேட்டதும் பேச்சு நிற்கும், வேலை வேகம் பிடிக்கும். ஆகவே ஜீப் என்பது நமக்கு அதிகாரத்தின் வண்டியாகவே மனத்தில் பதிந்து போயிற்று. ஆனால் அந்த வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. போர் முடிந்த பின் வேண்டாம் என்று தள்ளப்பட்ட அந்த வண்டிகளைத் தேடி எடுத்து, பழுது பார்த்து, மீண்டும் ஓட்டிப் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட மனிதர்களும் உலகில் உண்டு. அந்த வண்டியைப் பற்றியும் அந்த மனிதர்களைப் பற்றியும், அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளக் கூடிய ஒன்றைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

1940ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஐரோப்பாவில் போர் மூண்டுவிட்டது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆயினும் அதன் இராணுவம் ஒரு சிறிய வண்டியைத் தேடியது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போக வேண்டும். சேற்றிலும் மேட்டிலும் ஏற வேண்டும். எடையோ 1,300 ராத்தலுக்கு மேல் போகக்கூடாது. 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போயிற்று. மாதிரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த 49 நாள்தான் தவணை. இத்தனை குறுகிய காலத்தில் யாரால் முடியும்? இரண்டே கம்பெனிகள் பதில் எழுதின.

அவற்றில் ஒன்று பென்சில்வேனியா மாநிலத்தில் பட்லர் என்ற ஊரிலிருந்த பேன்டம் கம்பெனி. அது நொடித்துப் போகும் நிலையிலிருந்த சின்னஞ்சிறு கம்பெனி. அவர்கள் கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளரை அழைத்தார்கள். அவர் முதலில் சம்பளம் இன்றியே வேலைக்கு இசைந்து, இரண்டே நாளில் வண்டியின் வரைபடத்தைப் போட்டு முடித்தார். செப்டம்பர் 23ஆம் தேதி, தவணை முடிய அரைமணி நேரமே இருந்தபோது, மாதிரி வண்டி மேரிலாந்து மாநிலத்து ஹோலபேர்டு இராணுவ முகாமுக்குள் நுழைந்தது.

ஆனால் உழைத்தவனுக்கே பலன் கிடைப்பதில்லை என்பது நம் தோட்டங்களில் மட்டும் நடக்கும் கதையன்று. பேன்டம் கம்பெனியின் வரைபடங்களை இராணுவம் வில்லிஸ், ஃபோர்டு என்ற பெரிய கம்பெனிகளுக்கும் காட்டிவிட்டது. வில்லிஸ் வண்டியின் என்ஜினுக்கு 60 குதிரை சக்தி. மற்ற இரண்டையும்விட அது வலுவானது. 1941ஆம் ஆண்டு 16,000 வண்டிகளுக்கான பெரிய ஒப்பந்தம் வில்லிஸ் கம்பெனிக்குப் போயிற்று. அது போதாமல் அதே வண்டியைச் செய்ய ஃபோர்டு கம்பெனிக்கும் உத்தரவு கிடைத்தது. போர் முடிவதற்குள் இரு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. முதல் வண்டியைச் செய்த பேன்டம் செய்தவையோ மூவாயிரத்துக்கும் குறைவு. கடைசியில் அது ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களைச் செய்துகொண்டிருந்தது.

இந்த ஜீப்பின் பெரிய சிறப்பு அதன் வேகமன்று, அதன் எளிமை. ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்கு அப்படியே பொருந்தும். நீளம் 11 அடி. பெட்ரோல் தொட்டி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். முன்விளக்குகளைத் திருகு தளர்த்திப் பின்பக்கம் திருப்பினால் அவையே என்ஜினுக்கு வெளிச்சம் காட்டும். இருட்டில் ரிப்பேர் செய்யும் ஆளை நினைத்தே இதைச் செய்திருக்கிறார்கள். படித்த என்ஜினியர் வேண்டியதில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த சிப்பாய் போதும்.

1945இல் போர் முடிந்தது. இலட்சக்கணக்கான ஜீப்புகளை என்ன செய்வது? பல வண்டிகளை வெட்டிப் பழைய இரும்பாக்கினார்கள். பலவற்றை வந்த விலைக்கு விற்றார்கள். பெட்டியில் அடைத்த புத்தம்புது ஜீப்பு ஐம்பது டாலருக்குக் கிடைக்கும் என்ற பேச்சு அமெரிக்காவில் வெகுகாலம் உலவியது. பத்திரிகை விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பியவர்களுக்கு ஜீப் வரவில்லை. உபரிப் பொருள்களை எப்படி வாங்குவது என்று சொல்லும் சிறு புத்தகம்தான் வந்தது!

விற்கப்பட்ட வண்டிகளோ புதுப் பிறவி எடுத்தன. பிலிப்பீன்ஸ் மக்கள் அவற்றை நீட்டி, கூரை போட்டு, வர்ணம் பூசி, 'ஜீப்னி' என்ற பயணிகள் வண்டியாக்கினார்கள். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் ஒரு பழைய இராணுவ ஜீப்பை ஓட்டி வந்தார். அதைப் போல நாமே ஒன்று செய்தால் என்ன என்று எண்ணினார். 1947இல் அவர் கம்பெனி உருவாக்கிய முதல் மாதிரி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டப்பட்டது. அதுவே 1948இல் உலகம் பார்த்த லேண்ட் ரோவர். நம் தோட்டங்களில் ஓடிய லேண்ட் ரோவருக்கு இந்த ஜீப்பே தாய் என்று சொல்லலாம். நம் மலைக்காடுகளில் மரம் இழுத்த 'சான் தை வோங்' லாரிகளும் போர்க்கால இராணுவ லாரிகளிலிருந்து உருவானவையே.

இப்படி உழைத்து ஓய்ந்த வண்டிகளை மீட்டெடுக்கும் ஆர்வம் 1960களிலும் 1970களிலும் மேல்நாடுகளில் பரவியது. இராணுவ வாகனங்களைக் காப்பவர்களுக்கென்று அமெரிக்காவில் 1976இல் ஒரு சங்கமே அமைந்தது. இதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் செல்வந்தர்கள் அல்லர். தச்சர், மெக்கானிக், விவசாயி, ஓய்வு பெற்ற ஆசிரியர் போன்றவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு, ஆண்டுக்கணக்கில் ஒரே ஒரு வண்டியைச் சீர்செய்வார்கள்.

அந்த வேலை எப்படி நடக்கும்? முதலில் வண்டியை முழுவதும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு போல்ட்டையும் டப்பாவில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைக்க வேண்டும். பிறகு துருவைத் தேட வேண்டும். ஜீப்பின் தரைத்தகட்டுக்கு அடியில் தாங்கலுக்காக மரக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தன்னைச் சுற்றியுள்ள இரும்பைத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் வண்டி நன்றாக இருக்கும், உள்ளே அரித்திருக்கும். துருப்பட்ட இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். என்ஜினின் சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். மின்சாரம் ஆறு வோல்ட்டுதான். ஒயரில் சிறிது துரு ஏறினாலும் விளக்கு மங்கிவிடும். இவ்வளவுக்கும் வழிகாட்டியாக 1944இல் இராணுவம் அச்சிட்ட டி.எம். 9-803 என்ற கைநூலையே இன்றும் புரட்டுகிறார்கள்.

ஓட்டுவதற்கும் பழக்கம் வேண்டும். மூன்று கியர்கள்தான். முதல் கியருக்கு மாற்றும்போது, சுழலும் பற்கள் இசைந்து போக உதவும் அமைப்பு இல்லை. ஆகவே வண்டி நின்ற பிறகே முதல் கியர் போட வேண்டும். இல்லையேல் பற்கள் உராய்ந்து அலறும். முன்சக்கரங்களுக்கு விசை தரும் கைப்பிடியைச் சேற்றிலும் மணலிலும் மட்டுமே போட வேண்டும். கெட்டியான சாலையில் அதைப் போட்டு ஓட்டினால், வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று இழுத்துப் பல்சக்கரங்கள் கெடும். பிரேக் அழுத்தினால் உடனே நிற்கும் இக்காலத்துக் கார் போன்றதன்று அது. காலின் பலமே அதன் பலம். கதவும் இல்லை. ஆகவே தெரிந்தவர்கள் அதை மெதுவாகவே ஓட்டுவார்கள்.

இனி நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான செய்திக்கு வருவோம். நல்ல பொழுதுபோக்காளர் வண்டி கிடைத்தவுடன் பழைய வர்ணத்தைச் சுரண்டி எறியமாட்டார். நீர்க்காகிதத்தால் மெல்ல மெல்லத் தேய்ப்பார். மேல் வர்ணத்துக்கு அடியில் இன்னொரு வர்ணம். அதற்கும் அடியில் இராணுவத்தின் பச்சை. அந்தப் பச்சையின் மேல், என்ஜின் மூடியின் ஓரத்தில், வெள்ளை எழுத்தில் ஒரு எண் தெரியும். அந்த எண்ணைக் கண்டதும் அவருக்குப் புதையல் கிடைத்தது போலாகும். ஒரேயடியாகச் சுரண்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஃபோர்டு கம்பெனி தன் ஜீப்பின் போல்ட்டுகளில்கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்தது. அந்த எழுத்துள்ள போல்ட்டு ஒன்று குறைந்தாலும் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநருக்கு எதிர்ப்புறம், சிறு பெட்டியின் மூடியில் தகடுகள் பதித்திருக்கும். அவற்றில் ஒன்றில் வண்டியின் எண்ணும், அது இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட தேதியும் இருக்கும். ஆம், நேயர்களே! ஆறு லட்சம் வண்டிகளில் ஒன்றுதான். ஆனாலும் அது இன்ன மாதம், இன்ன நாள் பிறந்தது என்று அந்தத் தகடு சொல்லும். அதற்குப் போலித் தகடு செய்து விற்பவர்களும் உண்டு. நாணயமானவர் அதை வாங்கி ஒட்டமாட்டார். "இந்த வண்டியின் உடல் வில்லிஸ், என்ஜின் ஃபோர்டு, பட்டறையில் மாற்றிப் போட்டது" என்று உள்ளதை உள்ளபடி சொல்வார். தெரியாததைப் புனைந்து நிரப்பாமல் இருப்பதும் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டே.

அந்தத் தகட்டை நினைக்கும்போது நம் நெஞ்சில் ஒரு கேள்வி எழாமல் போகாது. அதே போரின்போது, 1942, 1943ஆம் ஆண்டுகளில், ஜப்பானியர் சியாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். அதில் ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வேலை வாங்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட நம் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அங்கே இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் உண்டு. கல்லில் பெயர் உண்டு, வயது உண்டு, தேதி உண்டு. நம் பாட்டன்மாரில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. ஒரு ஜீப்பு பிறந்த நாள் உலகுக்குத் தெரிகிறது. ஒரு மனிதன் இறந்த நாள் அவன் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

இதைச் சொல்வது அந்தப் பொழுதுபோக்கைக் குறை கூறுவதற்கன்று. ஜீப்பைக் காப்பவர்கள் செய்யும் வேலை நல்ல வேலையே. போரைப் போற்றவேண்டும் என்பதற்காகவன்றி, போர் எப்படி இருந்தது என்று தொட்டுப் பார்த்து அறிவதற்காக அதைச் செய்கிறவர்கள் பலர். இரும்பின் மேல் அவர்கள் காட்டும் பொறுமையில் பாதியை நாம் நம் குடும்பத்தின் மேல் காட்டினால் போதும் என்பதே நாம் சொல்ல வருவது.

அதற்குப் பணம் வேண்டியதில்லை; பட்டறையும் வேண்டியதில்லை. வீட்டில் பழைய படம் இருந்தால் அதன் பின்புறம் பென்சிலால் எழுதுவோம்: இவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. பெரியவர்கள் நினைவில் இருப்பதைக் கேட்போம்: தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணியோடு வந்தார், சியாமுக்குப் போனவர் எந்த லயத்திலிருந்து போனார், கூடப் போனவர் யார், திரும்பி வந்தவர் யார். பழைய அடையாள அட்டை, சம்பளத் துண்டு, மரம் சீவிய கத்தி, பால் வாளி இவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒரு நிமிடம் யோசிப்போம். உறுதியாகத் தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் பிரித்து எழுதுவோம். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஓர் அப்பியாசப் புத்தகத்தைக் கொடுத்தால் இந்த வேலையை அவனோ அவளோ மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

ஜீப்பைத் துருவிலிருந்து மீட்டவர்கள் முதலில் செய்த காரியம் ஒவ்வொரு போல்ட்டையும் டப்பாவில் போட்டுப் பெயர் எழுதியதுதான். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். இன்றிரவே ஒரு பெயரை எழுதி வைப்போம். அதன் பக்கத்தில் ஒரு தேதியையும் எழுதுவோம்.