கார்பரேட்டரைக் கழற்றியோரும் மீண்டும் பூட்டியோரும்

1958ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களுள் 35ஐ மட்டும் ஒரு புதுமையோடு விற்றது. அவற்றின் எஞ்சின்களில் கார்பரேட்டர் இல்லை. பெண்டிக்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய, மின்னணுக் கருவியால் இயங்கும் பெட்ரோல் பீச்சு முறை அதன் இடத்தில் அமைந்திருந்தது. 'எலெக்ட்ரோஜெக்டர்' என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். நெடுங்காலம் செல்லவில்லை. அக்கார்களுள் பெரும்பாலானவை பட்டறைக்குத் திரும்பின, புதுமை கழற்றப்பட்டது, பழைய கார்பரேட்டரே மீண்டும் பூட்டப்பட்டது.

இன்று புதிதாக விற்கப்படும் பெட்ரோல் கார்களில் பீச்சு முறையன்றி வேறு காண்பது அரிது. ஆதலின், அன்று கார்பரேட்டருக்குத் திரும்பியோரைப் புதுமைக்கு அஞ்சியவர் என்றும், நுட்பம் அறியாத பட்டறைக்காரர் என்றும் எண்ணிவிடத் தோன்றும். வென்ற பொருளின் பக்கம் நின்று வரலாற்றைப் பார்ப்பதால் நேரும் பிழை இது. அவர்கள் செய்தது அக்காலத்திற்கு முற்றும் சரியே என்பது என் கருத்து. அதற்குக் காரணம் காட்ட வேண்டுமானால், கார்பரேட்டர் செய்யும் வேலையை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் 1893இல் அமைத்த தெளிப்புக் கார்பரேட்டரே பின்வந்தவற்றுக்கெல்லாம் மூலம் எனலாம். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைந்து செல்கிறது. விரைவு மிகுமிடத்தில் அழுத்தம் குறைகிறது. அக்குறைவு, பக்கத்தேயுள்ள சிறு கிண்ணத்துப் பெட்ரோலை நுண்துளை வழியாக இழுத்துக் காற்றில் தூவுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்குமாறு ஒரு மிதவை காக்கிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலும் மிகும். காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். யாரும் எதையும் அளக்க வேண்டியதில்லை. காற்றே தனக்கு வேண்டியதை அளந்து எடுத்துக்கொள்கிறது. அளவு சற்றுப் பிசகினாலும், திருப்புளியும் நல்ல காதும் உடைய ஒருவர் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார்.

பீச்சு முறை இந்த உறவை அறுத்துவிடுகிறது. இங்கே பம்பு ஒன்று பெட்ரோலை அழுத்தத்தோடு பீச்சுகிறது. எத்துணை பீச்ச வேண்டும் என்பதைக் காற்று சொல்லாது. வேறொன்று காற்றை அளந்து சொல்ல வேண்டும். எனவே ஒரு பழைய எஞ்சினைப் பீச்சு முறைக்கு மாற்றுவது ஓர் உறுப்பை எடுத்து வேறோர் உறுப்பை வைப்பதன்று. காற்றை அளக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதே அதிலுள்ள அரிய வினா.

கார்பரேட்டருக்குக் குறை இல்லாமலில்லை. 1940இல் பிரிட்டன் மீது நடந்த வான்போரில் அக்குறை உயிரையே பறிக்கக்கூடியதாயிற்று. ஆங்கிலேயரின் மெர்லின் எஞ்சின் கார்பரேட்டர் உடையது. விமானி தலைகுப்புறப் பாய முனைந்தால் கிண்ணத்துப் பெட்ரோல் மேலெழும்பிவிடும், எஞ்சின் இடறும். ஜெர்மானிய விமானத்தின் டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சினோ பீச்சு முறையில் இயங்கியதால் இடறாமல் பாய்ந்து தப்பிவிடும். பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பொறியியல் அறிஞர், 1941இல் துளையிட்ட சிறு உலோக வில்லை ஒன்றைப் பெட்ரோல் வழியில் பொருத்தி இடர்ப்பாட்டைப் பெரிதும் தணித்தார். ஆயினும் ஆங்கிலேயர் கார்பரேட்டரைத் தெரிந்தெடுத்தது அறியாமையால் அன்று. காற்றோடு முன்னதாகவே கலந்து ஆவியாகும் பெட்ரோல் அக்காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று செறிவானது. ஆதலால் ஆற்றல் கூடுகிறது. இந்த ஆதாயத்தை அவர்கள் கணக்கிட்டே முடிவு செய்தனர்.

போர் முடிந்தபின், விமானத்தில் பெற்ற அறிவு காருக்கு வந்தது. ஹான்ஸ் ஷெரன்பெர்க் போர்க்காலத்தில் டெய்ம்லர்-பென்ஸில் விமான எஞ்சின் வேலையில் இருந்தவர். போருக்குப்பின் கூட்பிராட் என்னும் சிறு நிறுவனத்தில் சேர்ந்து, அதன் சிறிய காருக்குப் பீச்சு முறையை அமைத்தார். 1952இல் பழைய நிறுவனத்துக்கே மீண்டார். அங்கே 1951 முதல் விற்பனையிலிருந்த '300' என்னும் பெரிய காரின் மூன்று லிட்டர் எஞ்சின் இருந்தது. கார்பரேட்டருடன் அது தந்த ஆற்றல் 115 குதிரைத்திறன். அதே எஞ்சின் வழிவந்து, பீச்சு முறைக்கு மாற்றப்பட்டு, 1954இல் '300 எஸ்.எல்.' காரில் வெளிவந்தபோது 215 குதிரைத்திறன் தந்தது. கூடிய நூறும் பீச்சு முறையால் மட்டுமே வந்தது என்று கொள்ளுதல் தவறு; வேறு மாறுதல்களும் செய்யப்பட்டிருந்தன. முன்பு ஸ்பார்க் பிளக் இருந்த இடத்தைப் பீச்சுமுனை எடுத்துக்கொள்ள, பிளக் வேறிடம் பெயர்ந்தது என்பது பழைய எஞ்சினின் தழும்புபோல் நமக்குத் தெரிகிறது.

அந்தப் புகழ்பெற்ற காருக்கும் ஒரு நோய் உண்டு. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும், எஞ்சின் சுழன்று ஓயும்வரை பம்பு பெட்ரோலைப் பீச்சிக்கொண்டேயிருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து மசகெண்ணெயில் கலந்துவிடும். எண்ணெயை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. செல்வர்தம் காராதலின் அச்செலவு பொறுக்கப்பட்டது.

அமெரிக்காவில் செவ்ரோலெட் நிறுவனம் 1957இல் கார்வெட் காருக்கு இயந்திர முறையிலான பீச்சுக் கருவியை விருப்பத்திற்கேற்ப அளித்தது. அதைச் சரிவரச் சீராக்கும் பயிற்சி பெற்றோர் சிலரே. ஊரில் அத்தகையவர் இல்லாத உரிமையாளர் வேறென் செய்வார்? கார்பரேட்டரைப் பூட்டிக்கொண்டார். பின்னாளில் பழங்கார் சேகரிப்போர், கழற்றி எறியப்பட்ட அதே கருவிகளைப் பெருவிலை கொடுத்துத் தேடலாயினர் என்பது வேறு கதை. கிரைஸ்லரின் மின்னணு முறையோ கருத்தளவில் மிகச் சிறந்தது. ஆனால் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும் மின்னணு உறுப்புகள் 1958இல் இல்லை. நுட்பம் இருந்தும் அதைத் தாங்கும் பொருள் இல்லாத நிலையில், நடுவழியில் நிற்கும் காரை ஓடச் செய்தவரைக் குறைகூறுவது எங்ஙனம் பொருந்தும்?

பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் போஷ் நிறுவனத்தாருக்குக் கிடைத்தன. அவர்கள் அக்கருத்தைச் செப்பனிட்டு, 1967இல் வோக்ஸ்வேகன் 1600 காரில் அமைத்தனர். எஞ்சின் புதியதன்று; கார்பரேட்டருடன் விற்கப்பட்டுவந்ததே. மாற்றத்தைத் தூண்டியதும் வேகத்தின்மீது எழுந்த ஆசையன்று. 1968ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து புகைக்கு வரம்பு கட்டிய அமெரிக்கச் சட்டமே அதற்குக் காரணம். டிரான்சிஸ்டர்களும் அதற்குள் உறுதிபெற்றிருந்தன.

எனினும் காற்றை அளப்பதில் நேரும் பிழையைக் கண்டு திருத்த ஒருவரும் இல்லை என்ற குறை நீடித்தது. 1976இல் போஷ் கொணர்ந்த ஆக்சிஜன் உணர்கருவி அதை நீக்கியது. அது புகைக்குழாயில் இருந்துகொண்டு, எரிந்தபின் எஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் கூடிற்றா குறைந்ததா என்று சொல்லும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் எடை விகிதத்தை இவ்வாறு காக்கலாம். பட்டறைக்காரரின் காது செய்த வேலை இதுவே. இக்கருவி வந்த பிறகுதான் பழைய காரைச் சாதாரணப் பட்டறையிலும் பீச்சு முறைக்கு மாற்றுவது நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. இன்றும் அதில் தவறுவோர் பலர் பம்பில்தான் தவறுகின்றனர். கார்பரேட்டருக்கு வேண்டிய அழுத்தத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு பீச்சு முறைக்கு வேண்டும், பழைய ரப்பர்க் குழாய் அதைத் தாங்காது, கசிந்தால் தீப்பற்றும்.

இம்மாற்றம் எளியோர் கைக்கும் வந்த இடம் ஒன்று பிலிப்பைன்ஸில் உண்டு. அங்கே மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப்பெட்டி பூட்டி, வாடகைக்கு ஓட்டிப் பிழைப்போர் பலர். அவ்வண்டிகளின் இரண்டு வீச்சு எஞ்சின்களில், கார்பரேட்டர் கலந்தனுப்பும் பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே புகைவழியே வெளியேறிவிடும். ஓட்டுநர் தம் கூலியை வானில் விடுகிறார். அதே புகையைத் தாமே நாள் முழுதும் மூக்கில் வாங்குகிறார். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பனிவண்டிப் போட்டிக்காக ஒரு மாற்றமைப்பை உருவாக்கியவர்கள், 2003இல் என்வைரோஃபிட் என்னும் அமைப்பை நிறுவினர். ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் நிறுவனத்து நுட்பத்தைக் கொண்டு, விகான் நகரத்து வண்டிகளை மாற்றத் தலைப்பட்டனர். எஞ்சினின் அடிப்பகுதி அப்படியே இருக்கும். சிலிண்டரின் தலை மாறும். கழிவுவழி அடைபட்ட பிறகே பெட்ரோல் உள்ளே பீச்சப்படும். பெட்ரோல் செலவு மூன்றில் ஒரு பங்களவு குறைந்தது. எரியாது வெளியேறும் ஹைட்ரோகார்பன் பத்தில் ஒன்பது பங்களவு குறைந்தது. ஓட்டுநர்கள் கடன் பெற்றுக் கருவியை வாங்கினர்; மிச்சப்பட்ட பெட்ரோல் காசு கடனை அடைக்க உதவியது. கார்பரேட்டரைக் கழற்றி அதனைப் பூட்டியோர், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பட்டறைக்காரரே.