வார், கைப்பிடி, பொத்தான்

கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கிய தொடக்க காலக் கருவிகளில் ஒன்று தோல் வார். குதிரை வண்டியிலும் ரயில் பெட்டியிலும் இருந்த பழக்கம் அது. கண்ணாடியின் அடியில் வார் பொருத்தப்பட்டிருக்கும். இழுத்தால் கண்ணாடி ஏறும். வாரின் துளைகளில் ஒன்றைக் கதவிலுள்ள குமிழில் மாட்டினால் வேண்டிய உயரத்தில் நிற்கும். பிறகு சுழற்றும் கைப்பிடி வந்தது. 1940இல் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் பொத்தானை அழுத்தினால் ஏறும் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வார் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். பொத்தானுக்குப் பின்னால் நடப்பதோ கதவின் உள் அட்டைக்குள் மறைந்துவிட்டது.

இந்த மறைப்பைப் பெண்களுக்குச் செய்த உபகாரமாகவே வாகன வரலாறு சொல்லிவந்திருக்கிறது. கைகளால் சுழற்றிக் கிளப்பும் பெட்ரோல் கார் ஆணுக்கு, சத்தமில்லாத மின்சாரக் கார் பெண்ணுக்கு என்று விளம்பரங்கள் பிரித்தன. பெட்ரோல் காரால் பெயர் பெற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் காரைத்தான் ஓட்டினார். பெண் அழுத்துவாள், ஆண் பழுதுபார்ப்பான் என்ற ஏற்பாடு அப்போதே உறுதியாகிவிட்டது.

ஆனால் காரின் முதல் நெடும்பயணத்தில் பழுதுபார்த்தவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றார். எரிபொருள் குழாயின் அடைப்பைத் தொப்பி ஊசியால் நீக்கினார். தேய்ந்த மரப் பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். அவருடைய சீதனப் பணம் அந்தத் தொழிலுக்குள் போயிருந்தது. காப்புரிமை மட்டும் கணவர் கார்லின் பெயரில்.

அந்தத் தோல் துண்டு எங்கள் பகுதிக்கு அந்நியமானதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் நீளும் தோல் ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்குத்தான் நான் தமிழ் கற்பிக்கிறேன். காரும் பெண்ணும் இங்கே புதிய சேர்க்கை அல்ல. 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், அதற்கு முன்பே மாட்டுவண்டியிலும் பிறகு ஒரு பியூஜோ காரிலும் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தார். அவர் பெயர் ஊருக்கே தெரியும். உடன் சென்று புண்ணுக்குக் கட்டுப்போட்ட உள்ளூர்ப் பெண்களின் பெயர்களைத் தேடித்தான் படிக்க வேண்டும்.

என் தோழியிடம் கூரை மடங்கும் பழைய கார் ஒன்று உண்டு. அதன் ஒரு கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. இத்தகைய காரில் கதவுக்கு மேல் சட்டம் கிடையாது. கண்ணாடி முழுதும் ஏறித் துணிக்கூரையின் ரப்பரோடு பொருந்தினால்தான் மழை உள்ளே வராது. போன ஒர்க்‌ஷாப்பில் முதல் கேள்வி, "சார் வரலீங்களா மேடம்?" அடுத்தது தீர்ப்பு: "மோட்டார் போயிடுச்சு, புதுசுதான் போடணும்." கதவைக் கழற்றிப் பார்க்கவே இல்லை.

கழற்றாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். சுவிட்சை அழுத்தும்போது உள்விளக்கு சற்று மங்கினால், மின்சாரம் மோட்டார்வரை போகிறது, எதுவோ இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். மங்கலும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், கதவுக் கீலருகே மடங்கி மடங்கி அறுந்த ஒயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால் கேபிளோ பல்சக்கரமோ காரணமாக இருக்கும். தோழியின் காரில் விளக்கு மங்கியது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு உள் அட்டையைக் கழற்றினோம். கண்ணாடி ஓடும் ரப்பர் தடம் காய்ந்து, தூசியேறி இறுகிக் கிடந்தது. துடைத்து, சிலிகான் ஸ்பிரே அடித்து, இணைப்பைத் திரும்பக் கொடுத்தோம். கண்ணாடி ஏறியது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஆம்பூர் மாணவி ஒருத்தி, "எங்கம்மா ஷூ கம்பெனியில மெஷின் சத்தத்த வச்சே எங்க சிக்கியிருக்குன்னு சொல்லிடுவாங்க மிஸ். ஆனா தொடக்கூடாது, மெக்கானிக் அண்ணன் வரணும்" என்றாள். அந்த அண்ணனுக்குத் தனிச் சம்பளம். சத்தத்தைப் படித்த அம்மாவுக்குத் தையல் கூலிதான். வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. ஊசி முறிந்த நேரமும் நூல் சிக்கிய நேரமும் அதில் சேராது.

தமிழில் பழுதைப் "பார்க்கிறோம்". பார்ப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. அதை ஏற்கெனவே செய்துவரும் பெண்களுக்கு அந்த வேலையின் பெயரும் கூலியும் மட்டுமே மறுக்கப்படுகின்றன. ஆகவே என் மாணவிகளுக்கு இந்தப் பருவத்தில் கொடுத்திருக்கும் ஒப்படைப்பு இது: அம்மாவோ ஆயாவோ வீட்டிலும் வேலையிடத்திலும் எதையெல்லாம் சரிசெய்தார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு.