பெயர் பொறித்த வெண்கலமும் பெயரில்லா வெள்ளியும்

1914 அக்டோபர் 28ஆம் நாள் விடியுமுன், எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் பொய்யான நான்காம் புகைபோக்கியுடன் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்தது. ரஷ்யாவின் ஜெம்சுக், பிரான்சின் மஸ்கே ஆகிய இரு கப்பல்களும் அன்று காலையில் மூழ்கின. ஜெம்சுக்கின் தலைவர் அப்போது கரையில் இருந்தார். அவர்தம் மாலுமியருள் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்கான நினைவுக்கல்லை இன்றும் நம் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் காணலாம். அதே கப்பல் அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன் சென்னையின் எண்ணெய்க் கலங்களை எரித்தது. அடங்காதவனை ‘எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்வது அதன் எச்சமே.

நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பல் எம்டனை வீழ்த்தியது. சிதைவிலிருந்து மீட்கப்பட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்களுள் ஏறத்தாழ ஆயிரத்தை, சிட்னி நகரத்துக் கெர் என்னும் நகைவணிகர் பதக்கமாக்கினார். நாளும் இரு கப்பல்களின் பெயர்களும் அவற்றில் உள. பெற்றவர் பெயர் இல்லை. எனவே அத்தகைய நாணயம் ஒன்று மட்டும் கைக்கு வந்தால் அதன் குடும்பத்தைத் தேட வழியில்லை. உடன் வேறொரு போர்ப்பதக்கம் இருந்து, அதன் விளிம்பில் எண்ணும் பெயரும் இருந்தாலன்றித் தடம் கிட்டாது. எம்டனின் பக்கத்திலோ நிலை நேர்மாறு. பிழைத்த மாலுமியர் தம் குடும்பப் பெயரோடு ‘எம்டன்’ என்பதையும் சேர்த்துக்கொள்ள உரிமை பெற்றனர். பொருளே இல்லாமலும் அவர்தம் வழியினரைப் பெயராலேயே கண்டுபிடிக்கலாம்.

நம்மவர் நிலை என்ன? முதல் உலகப்போரில் இந்தியப் படையினர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னைச் சாப்பர் படையிலும் பாளையங்கோட்டைக் காலாட்படையிலும் தமிழர் இருந்தனர். இறந்தோர் குடும்பத்துக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய வெண்கல வட்டு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அகலமுடையது. லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன் வடித்தது. அதில் பதவி இராது. பெயர் மட்டுமே இருக்கும். தளபதிக்கும் கூலிப்படையாளுக்கும் ஒரே வட்டு என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்நேர்மை எல்லா இடத்திலும் நீடிக்கவில்லை. மெசப்பொத்தாமியாவில் மாண்டோர்க்கு எழுப்பிய பஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் செதுக்கப்பட்டன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரணச் சிப்பாய்களோ படைப்பிரிவுதோறும் வெறும் எண்ணிக்கையாக நின்றனர். போர்க்கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய வேறுபாட்டை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அங்ஙனமாயின், ஒரு சிப்பாயின் பெயர் உலோகத்தில் நிற்கும் ஒரே இடம் அவர் வீட்டு வட்டாகவே இருக்கக்கூடும்.

அப்பெயரைப் படிப்பதே நமக்குப் பெரும்பணி. ல, ள, ழ மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாய்க் கரைந்துவிடும். முனுசாமியும் முனிசாமியும் எழுத்தரின் காதுக்கேற்ப இடம் மாறுவர். குடும்பப் பெயர் கேட்ட எழுத்தருக்கு நம்மவர் தந்தை பெயரைச் சொல்லியிருப்பர். அதுவே படைவீரரின் பெயராகப் பதிந்திருக்கவும் கூடும். ஊர்ப்பெயரிலும் எச்சரிக்கை தேவை. தின்னவேலி என்றிருந்தால் திருநெல்வேலி எனக் கொள்க. ஆணையத்தின் பதிவேடுகளில் இந்திய வீரர் பலருக்குத் தந்தை பெயர், சிற்றூர், வட்டம், மாவட்டம் தரப்பட்டுள்ளன. தலைப்பெழுத்து எதைக் குறிக்கிறது என்பதை வீட்டு முதியோர் சொன்னால், ஒரே பெயருடைய பலருள் நாம் தேடுபவரைப் பிரித்தறியலாம். பதிவேட்டில் இல்லாத தாய்வழி ஊரும் குலதெய்வக் கோயிலும் அவர்கள் நினைவில் இருக்கும். அவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல். வீட்டில் அத்தகைய வட்டோ பதக்கமோ இருந்தால் புளியிட்டுத் துலக்கற்க. பித்தளைச் செம்புக்கு அது தகும், தேய்ந்த எழுத்துக்குத் தகாது. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுங்கள். பதக்கமாயின் விளிம்பு முழுவதையும் உருப்பெருக்கியால் பாருங்கள். படைப்பிரிவும் எண்ணும் அங்கேதான் இருக்கும். அவ்வெண்ணை எழுதிய பிறகே பெயரின் எழுத்துக்கூட்டல் பற்றிய வழக்கைத் தொடங்குதல் நன்று.