தொலைவில்லையும் நடுநிலை அடர்த்தி வடிகட்டியும்: பயன்பாட்டு மாற்றம்

ஆடிவகைத் தொலைவில்லைகளில் நடுவே துணையாடி மறைப்பதால் துளையைச் சுருக்க இயலாது. எனவே, ஒளியைக் குறைக்க நடுநிலை அடர்த்தி வடிகட்டியே துளைக்கு ஈடாக அமைந்தது. நிக்கானின் 500 மி.மீ. எஃப்/8 ஆடிவில்லையில் அது பின்புறம் பொருத்தப்பட்டது.

2008இல் வெளிவந்த கேனான் 5டி மார்க் 2 முழுச்சட்ட உணரியில் காணொளிப் பதிவுக்கு வழிவகுத்தது. வடிகட்டியின் பணியும் மாறியது. வினாடிக்கு 25 சட்டகங்கள் கொண்ட பதிவில் அசைவு இயல்பாகத் தோன்ற 1/50 வினாடி மூடுவேகம் வேண்டும். நண்பகல் வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100இல், அது ஏறத்தாழ எஃப்/22 துளையைக் கோரும். பின்னணி மங்க எஃப்/2.8 வேண்டுமெனில், ஒளியை 64இல் ஒரு பங்காக்கும் 1.8 அடர்த்தி தேவை. 300 மி.மீ. எஃப்/2.8 வில்லையின் முன்விட்டமோ ஏறக்குறைய 107 மி.மீ.க்குக் குறையாது, ஆதலின் பெருவில்லைகளில் வடிகட்டி பின்புறச் செருகியாகவே அமைகிறது.

துளைக்கு ஈடாக இருந்த கருவி, விரிந்த துளையைக் காக்கும் கருவியாயிற்று என்பது இதனால் பெறப்படும்.