'அரு'மண்: ஒரு பெயரின் வரலாறு

சீரியத்தைப் பாடநூல்கள் 'அருமண்' தனிமங்களில் ஒன்றாக வகைப்படுத்துகின்றன. இந்த 'அரு' யாருடைய கண்ணிலிருந்து சொல்லப்பட்டது என்பதுதான் என் கேள்வி. பூமியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. செம்பை யாரும் அரியது என்பதில்லை.

1803இல் ஸ்வீடனில் பெர்செலியஸும் ஹிசிங்கரும், அதே வருஷம் ஜெர்மனியில் கிளாப்ராத்தும் இதைத் தனித்தனியே கண்டார்கள். கண்டது உலோகத்தை அல்ல, ஆக்சைடை. அன்றைய வழக்கில் அது 'மண்'. உலோகமாகப் பிரிக்க 1875 ஆயிற்று. பாஸ்ட்னாஸ் சுரங்கம் ஹிசிங்கரின் குடும்பச் சொத்து. சிறுவயதிலேயே அந்தக் கல்லை அவர் ஷீலேவுக்கு அனுப்பியிருக்கிறார். அவ்வளவு பெரிய ரசாயன அறிஞருக்கு அதில் புதிதாக எதுவும் தட்டுப்படவில்லை. கையில் இருப்பது வேறு, 'கண்டுபிடிப்பு' என்று பதிவாவது வேறு. பெயரோ 1801இல் கண்ட சீரிஸ் என்னும் சிறுகோளிடமிருந்து வந்தது.

பிறகு நெடுங்காலம் இதனால் பெரிய பிரயோஜனமில்லை. வியன்னாவில் அவுயர் வான் வெல்ஸ்பாக் 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடோடு 1 பங்கு சீரியம் ஆக்சைடு சேர்த்தார். நம்மூர்க் கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் தொங்கிய மேண்டில் அதுதான். தோரியம் மட்டும் என்றால் மங்கல் வெளிச்சம். அது வெப்பக் கதிராகச் சூட்டை அதிகம் இழப்பதில்லை, அதனால் வலை நன்றாகக் காய்கிறது. அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரிகிற ஒளியாக்குவது அந்த 1 பங்கு.

மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மோனசைட்டைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுகிறார்கள். எழுதட்டும், அவர் கண்டது கனிமத்தைத்தான். ஆனால் கயிறு திரித்தவர்களின் கையில் அந்த மணல் அதற்கு முன்பே இருந்தது. இந்த வரலாற்றில் அவர்கள் வெறும் 'கயிறு' ஆகிவிட்டார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் பிரிப்பு தொடங்கியது. 1914 யுத்தத்தோடு அது ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது.

வேடிக்கை என்னவென்றால், மோனசைட்டில் தோரியத்தைவிட அதிகம் இருப்பது சீரியமும் அதன் கூட்டாளிகளும்தான். மேண்டிலுக்குப் போக மிஞ்சியதெல்லாம் கழிவு. அந்தக் கழிவோடு இரும்பைக் கலந்து 1903இல் அவுயர் ஓர் உலோகக் கலவை செய்தார். உரசினால் பொறி பறக்கும். சிகரெட் லைட்டருக்குள் இருக்கிற 'கல்' அதுதான், கல்லே இல்லை. கண்ணாடி மெருகேற்றவும் காரின் புகையைச் சுத்திகரிக்கவும் சீரியம் வந்தது பிற்பாடு.

அணுசக்தி வந்ததும் தோரியத்தின் மதிப்பே மாறிப்போனது. 1950இல் அரசு இதற்கென்று நிறுவனம் தொடங்கியது. 1956இல் மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தோரியத்தின் கதிர்வீச்சு அந்த மண்ணிலேயே இருக்கிறது, ஜனங்களும் அதன்மேல்தான் குடியிருக்கிறார்கள். காலடியில் கொட்டிக்கிடக்கும் அந்த மணலைப் பிரிக்கிற இடத்துக்குப் பத்திரிகைகள் வைத்திருக்கும் பெயர் 'அரிய மணல் ஆலை'.